கணிப்பொறியின் பிளாட்பாரங்கள்: எந்த போர்ட்டில் யார் நிற்கிறார்கள் என்று அறிவது எப்படி?



இன்று நம் குடும்பங்களில் கணிப்பொறி இல்லாத வீடு அரிது. பிள்ளைகளின் படிப்பு, பெரியவர்களின் ஓய்வூதியக் கணக்கு, கடை வைத்திருப்பவர்களின் ஜி.எஸ்.டி. கணக்கு, ஊருக்குப் போகும் ரயில் டிக்கெட் என எல்லாவற்றுக்கும் அதன் முன்தான் உட்காருகிறோம். ஆனால் அந்தப் பெட்டி வெளியுலகோடு எந்தெந்த வழியில் பேசிக்கொண்டிருக்கிறது என்று ஒருமுறையாவது பார்த்தவர்கள் நம்மில் மிகச் சிலரே. அதைப் பார்ப்பதற்குப் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. கணிப்பொறிக்குள்ளேயே அதற்கான கருவி இருக்கிறது. அதைப் பயன்படுத்தும் முறையை அடியிலிருந்து விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

இதற்குப் பெரிய பட்டம் ஏதும் தேவையில்லை. நான் படித்தது டிப்ளமா. 38 ஆண்டுகள் உழைத்தது ரயில்வே சிக்னல் பிரிவில். ஒரு ஸ்டேஷனில் எந்த லைனில் எந்த வண்டி நிற்கிறது என்று பார்க்கத் தெரிந்தவருக்கு இதுவும் புரியும். ஆகவே ரயில்வே உவமைகளையே இங்கு அதிகம் பயன்படுத்தியிருக்கிறேன்.

1. ஸ்டேஷனும் பிளாட்பாரமும்

இணையத்தில் ஒவ்வொரு கணிப்பொறிக்கும் ஒரு முகவரி உண்டு. அதை ஐ.பி. முகவரி என்பர். 192.168.1.5 என்பது போல எண்களால் ஆனது. இதை ஸ்டேஷன் பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஸ்டேஷன் பெயர் மட்டும் தெரிந்தால் போதுமா? வண்டி எந்தப் பிளாட்பாரத்துக்கு வருகிறது என்றும் தெரிய வேண்டும் அல்லவா? அந்தப் பிளாட்பார எண்தான் போர்ட். நல்ல தமிழில் துறை என்று சொல்லலாம். படகு வந்து நிற்கும் இடம் என்ற பொருள் இதற்கு அழகாகவே பொருந்துகிறது. எனினும் கணிப்பொறித் திரையில் நீங்கள் காணப்போவது போர்ட் என்ற சொல்லையே. ஆகவே அதையே கையாள்வோம்.

ஒரே நேரத்தில் உங்கள் கணிப்பொறியில் பல வேலைகள் நடக்கின்றன. ஒரு பக்கம் மகள் வகுப்புப் பாடம் கேட்கிறாள். இன்னொரு பக்கம் மின்னஞ்சல் வருகிறது. பிரிண்டருக்குக் கடிதம் போகிறது. இவை அனைத்துக்கும் ஸ்டேஷன் ஒன்றே. வந்து சேரும் தகவல் எந்த மென்பொருளுக்கு உரியது என்று பிரித்துக் கொடுப்பது போர்ட் எண்.

இந்த எண்ணுக்கு ஒதுக்கப்பட்ட இடம் 16 பிட். ஆகவே 0 முதல் 65535 வரை மொத்தம் 65,536 எண்கள். டி.சி.பி. என்ற முறைக்குத் தனியாக இத்தனை எண்கள், யு.டி.பி. என்ற முறைக்குத் தனியாக இத்தனை எண்கள். டி.சி.பி. என்பது ஒப்புதல் அட்டையுடன் அனுப்பும் பதிவுத் தபால் போன்றது; போய்ச் சேர்ந்ததா என்று உறுதி செய்துகொள்ளும். யு.டி.பி. சாதாரண அஞ்சலட்டை, போட்டுவிட்டால் போட்டதுதான், பதில் எதிர்பார்ப்பதில்லை.

முக்கியமான விதி ஒன்றை இங்கேயே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். ஒரு முகவரியில், ஒரு முறையில், ஒரு போர்ட் எண்ணில் பொதுவாக ஒரே ஒரு மென்பொருள்தான் காத்திருக்க முடியும். ஒரு வண்டி நிற்கும் லைனில் இன்னொரு வண்டிக்குச் சிக்னல் கொடுக்க முடியாதது போலத்தான். இரண்டாவதாக வரும் மென்பொருளுக்கு 'முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது' என்ற பதில்தான் கிடைக்கும்.

2. எண்களைப் பங்கிட்ட விதம்

எந்த எண்ணை எந்த வேலைக்கு வைப்பது என்பதில் ஓர் ஒழுங்கு வேண்டும் என்று 1972-ஆம் ஆண்டிலேயே முன்மொழிந்தவர் அமெரிக்கரான ஜான் போஸ்டல். 1998-இல் மறையும் வரை இந்த எண் பட்டியலைப் பராமரித்தவரும் அவரே. இன்று அந்தப் பொறுப்பு ஐயானா என்ற அமைப்பினுடையது. எண்கள் மூன்று பிரிவாக உள்ளன.

முதற் பிரிவு 0 முதல் 1023 வரை. இவை நன்கறியப்பட்ட எண்கள். 25 மின்னஞ்சல் அனுப்புவதற்கு. 53 இணையப் பெயரை முகவரியாக மாற்றுவதற்கு. 80 சாதாரண இணையப் பக்கங்களுக்கு. 443 பூட்டுப் போட்ட, அதாவது மறையாக்கம் செய்யப்பட்ட இணையப் பக்கங்களுக்கு. வங்கிப் பக்கம் திறக்கும்போது நீங்கள் போவது இந்த 443-க்குத்தான். 445 என்பது விண்டோஸ் கணிப்பொறிகள் தமக்குள் கோப்புகளைப் பகிர்வதற்கு.

இரண்டாம் பிரிவு 1024 முதல் 49151 வரை. பல நிறுவனங்கள் தத்தம் மென்பொருளுக்குப் பதிவு செய்துகொள்ளும் எண்கள். 3306 மைஎஸ்க்யூஎல் என்ற தகவல் தளத்துக்கு. 3389 தொலைவிலிருந்து விண்டோஸ் திரையை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப் வசதிக்கு. 8080 மென்பொருள் எழுதிப் பழகுபவர்கள் அதிகம் பயன்படுத்துவது. பல கடைகளில் கணக்கு எழுதும் டாலி மென்பொருள் வழக்கமாக 9000-ஐ எடுத்துக்கொள்ளும்.

மூன்றாம் பிரிவு 49152 முதல் 65535 வரை. இவை தற்காலிக எண்கள். நீங்கள் ஓர் இணையப் பக்கத்தைத் திறக்கும்போது, உங்கள் பக்கத்து முனைக்கு விண்டோஸ் இதிலிருந்து ஓர் எண்ணை எடுத்துக் கொடுக்கும். வேலை முடிந்ததும் திரும்ப எடுத்துக்கொள்ளும்.

3. பார்க்கும் முறை

இவ்வேலைக்கான கட்டளையின் பெயர் நெட்ஸ்டாட். 1983-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் யூனிக்ஸ் பதிப்போடு வந்தது. பின்னர் விண்டோஸிலும் இடம் பெற்றது. கட்டளைகளை ஆங்கில எழுத்துகளில்தான் தட்டச்சு செய்ய வேண்டும். கண்ட்ரோல் போனில் நாங்கள் எழுத்துக் கூட்டிச் சொல்வது போல இங்கு சொல்கிறேன். 'டி' என்று வருமிடத்தில் குழப்பம் வரக்கூடாது என்பதற்காக, டிரெயின் டி என்றும் டெல்லி டி என்றும் பிரித்துக் கூறுகிறேன்.

படி ஒன்று: விண்டோஸ் சின்னம் உள்ள பொத்தானை அழுத்தி, சி, எம், டெல்லி டி என்று மூன்று எழுத்துகளைத் தட்டுங்கள். கமாண்ட் பிராம்ப்ட் என்ற பெயர் தோன்றும். அதன் மேல் வலது பொத்தானை அழுத்தி, நிர்வாகியாக இயக்கும் வாய்ப்பைத் தேர்ந்தெடுங்கள். கறுப்புத் திரை ஒன்று வரும். அஞ்ச வேண்டாம், நாம் தரப்போகும் கட்டளை பார்ப்பதற்கு மட்டுமே, எதையும் மாற்றாது.

படி இரண்டு: என், இ, டிரெயின் டி, எஸ், டிரெயின் டி, ஏ, டிரெயின் டி என்று தட்டுங்கள். ஓர் இடைவெளி விடுங்கள். பிறகு ஒரு சிறு கோடு, அதை ஒட்டி ஏ, என், ஓ. இப்போது என்டர் பொத்தானை அழுத்துங்கள்.

இந்த மூன்று எழுத்துகளுக்கும் பொருள் உண்டு. ஏ என்றால் எல்லாவற்றையும் காட்டு, காத்திருப்பவற்றையும் சேர்த்து. என் என்றால் பெயர்களைத் தேடிக்கொண்டிராமல் எண்களாகவே காட்டு. ஓ என்றால் உரிமையாளர் யார் என்ற எண்ணையும் சேர்த்துக் காட்டு.

கட்டளை தட்டுவது பிடிக்காதவர்களுக்கு வேறு வழியும் உண்டு. விண்டோஸ் தேடலில் ரிசோர்ஸ் மானிட்டர் என்ற கருவியைத் திறந்து, நெட்வொர்க் என்ற பகுதிக்குப் போனால், லிசனிங் போர்ட்ஸ் என்ற பட்டியல் கிடைக்கும். அதில் மென்பொருளின் பெயர், போர்ட் எண் ஆகியவற்றோடு, பயர்வால் அதை அனுமதித்திருக்கிறதா என்ற தகவலும் இருக்கும்.

4. அட்டவணையைப் படிப்பது

திரையில் ஐந்து பத்திகள் வரும். முறை, நம் பக்க முகவரி, எதிர்ப் பக்க முகவரி, நிலை, உரிமையாளர் எண். மாதிரிக்கு நான்கு வரிகள்:

டி.சி.பி. — 0.0.0.0:445 — 0.0.0.0:0 — லிசனிங் — 4
டி.சி.பி. — 127.0.0.1:8080 — 0.0.0.0:0 — லிசனிங் — 11432
டி.சி.பி. — 192.168.1.5:52144 — 203.0.113.20:443 — எஸ்டாபிளிஷ்டு — 8216
யு.டி.பி. — 0.0.0.0:5353 — *:* — 2960

முகவரிக்குப் பின் இரட்டைப் புள்ளிக்கு அடுத்து வருவதே போர்ட் எண். நம் பக்க முகவரியை மூன்று விதமாகக் காணலாம். 127.0.0.1 என்றிருந்தால், அந்த மென்பொருள் இந்தக் கணிப்பொறிக்குள் இருப்பவர்களோடு மட்டுமே பேசும். வெளியார் நேரடியாக அதை அடைய முடியாது. 192.168 என்று தொடங்கினால், அது பெரும்பாலும் வீட்டு வைஃபை முகவரி. 0.0.0.0 என்றிருந்தால், எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் ஏற்றுக்கொள்ளத் தயார் என்று பொருள். முதலில் கவனிக்க வேண்டியவை இந்த 0.0.0.0 வரிகளே. சதுர அடைப்புக்குள் இரண்டு இரட்டைப் புள்ளிகள் வந்தால், அது ஐ.பி. ஆறாம் பதிப்பில் இதே பொருளைத் தருவது.

அடுத்து நிலை. லிசனிங் என்றால், சிக்னல் இறக்கி வைத்துவிட்டு வண்டிக்குக் காத்திருக்கிறது என்று பொருள். எஸ்டாபிளிஷ்டு என்றால், இரு பக்கமும் இணைப்பு ஏற்பட்டு, இப்போது பேச்சு நடக்கிறது. டைம் வெயிட் என்றால் பேச்சு முடிந்துவிட்டது. ஆனால் வழியில் தாமதமாக வரும் துணுக்குகள் ஏதும் இருக்குமோ என்று சிறிது நேரம் காத்திருக்கிறது. வண்டி வந்த உடனே லைன் காலி என்று ஸ்டேஷன் மாஸ்டர் சொல்லிவிடுவதில்லை. கடைசிப் பெட்டியின் எல்.வி. பலகையைப் பார்த்து, வண்டி முழுவதும் வந்து சேர்ந்ததை உறுதி செய்த பிறகே சொல்வார். அதே எச்சரிக்கைதான் இதுவும். குளோஸ் வெயிட் என்றால், எதிர்ப் பக்கம் பேச்சை முடித்துவிட்டது, நம் பக்க மென்பொருள் இன்னும் முடிக்கவில்லை. அத்தகைய வரிகள் குவிந்துகொண்டே போனால், அந்த மென்பொருளில் பழுது இருக்கலாம்.

யு.டி.பி. வரிகளில் நிலை என்ற பத்தி காலியாக இருக்கும். அஞ்சலட்டைக்கு இணைப்பு என்பதே கிடையாது என்பதால், அதற்கு நிலையும் கிடையாது.

5. உரிமையாளர் யார்?

கடைசிப் பத்தியில் உள்ள எண் பி.ஐ.டி. எனப்படும். அதை வைத்து மென்பொருளின் பெயரைக் கண்டுபிடிக்கலாம். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மானேஜர் திறக்கும். அதில் டீட்டெயில்ஸ் என்ற பகுதியில் பி.ஐ.டி. பத்தியை ஒருமுறை தொட்டால், எண்கள் வரிசையாகும். உங்களுக்கு வேண்டிய எண்ணுக்கு எதிரே மென்பொருளின் பெயர் இருக்கும். அதன் மேல் வலது பொத்தானை அழுத்தி, அந்தக் கோப்பு இருக்கும் இடத்தைத் திறக்கும் வாய்ப்பைத் தேர்ந்தெடுத்தால், அது எந்த ஃபோல்டரிலிருந்து வந்தது என்றும் தெரியும். பெயரைக் காட்டிலும் இடம் முக்கியம். பெயரை யாரும் எப்படியும் வைத்துக்கொள்ளலாம்.

பி.ஐ.டி. 4 என்றால், அது விண்டோஸின் மையப் பகுதி. 445 அதன் பெயரில் இருப்பது இயல்பு. எஸ்விசிஹோஸ்ட் என்ற பெயர் பல இடங்களில் வரும். அது விண்டோஸின் பல சேவைகளை ஏற்றிச் செல்லும் ஒரு பொது வண்டி. 135, 7680, 49664 முதலான எண்களில் விண்டோஸின் சொந்தச் சேவைகள் காத்திருப்பதைப் பெரும்பாலான வீட்டுக் கணிப்பொறிகளில் காணலாம். இவற்றைக் கண்டு கலங்க வேண்டாம். இந்த பி.ஐ.டி. எண் நிலையானதன்று, மென்பொருளை மூடித் திறந்தால் மாறிவிடும். ஆகவே நேற்று எழுதி வைத்த எண்ணை வைத்து இன்று எதையும் நிறுத்தக்கூடாது.

6. பயன்பாடு ஒன்று: 'ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது'

நம் ஞாயிறு வகுப்புக்கு வரும் கல்லூரி மாணவர் ஒருவருக்கு, மறுநாள் செயல்முறைத் தேர்வு. அவர் எழுதிய ஜாவா மென்பொருள் முதல் நாள் நன்றாக ஓடியது. அன்று மாலை 8080 பயன்பாட்டில் உள்ளது என்று கூறி நின்றுவிட்டது. அவர் விண்டோஸையே அழித்து மீண்டும் நிறுவப் போகிறேன் என்றார். அதற்குத் தேவையே இல்லை.

நெட்ஸ்டாட் கட்டளையைத் தட்டியபின் என்டர் அழுத்தாமல், ஓர் இடைவெளி விட்டு, ஒரு நெட்டுக்கோடு, மீண்டும் ஓர் இடைவெளி, பிறகு ஃபைண்ட்ஸ்டர் என்ற கட்டளை, அதாவது எஃப், ஐ, என், டெல்லி டி, எஸ், டிரெயின் டி, ஆர். பின் ஓர் இடைவெளி, இரட்டைப் புள்ளி, 8080. நெட்டுக்கோடு பெரும்பாலான விசைப்பலகைகளில் என்டர் பொத்தானுக்கு மேலே இருக்கும். ஷிப்ட்டோடு அழுத்த வேண்டும். இப்போது 8080 உள்ள வரிகள் மட்டும் வரும்.

வந்தது ஒரே வரி, லிசனிங், பி.ஐ.டி. 11432. டாஸ்க் மானேஜரில் பார்த்தால் அது ஜாவா. முந்தைய முறை ஓட்டியபோது சன்னலை மட்டும் மூடிவிட்டார்; மென்பொருள் உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது. தன் வண்டியே தன் லைனை அடைத்து நின்றது என்று சொல்ல வேண்டும். அதை முறைப்படி நிறுத்தினோம், லைன் காலியானது, பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

இங்கு இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, இரட்டைப் புள்ளி 80 என்று தேடினால் 80 மட்டும் வராது. 8080, 8000, 8009 எல்லாம் சேர்ந்து வரும். எதிர்ப் பக்க முகவரியில் 80 இருக்கும் வரிகளும் வரும். நம் பக்கப் பத்தியில் இருப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, வலுக்கட்டாயமாக நிறுத்தும் கட்டளை ஒன்று உண்டு. அது கடைசி ஆயுதம். தகவல் தளமோ கணக்கு மென்பொருளோ எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் அப்படி நிறுத்தினால், கோப்பு கெடலாம். முதலில் மென்பொருளுக்குள்ளேயே மூடும் வழியைப் பாருங்கள். அடுத்து விண்டோஸின் சர்வீசஸ் பட்டியலில் நிறுத்துங்கள். இரண்டும் முடியாதபோதே வலுக்கட்டாயம். இரண்டு மென்பொருளும் ஒரே நேரத்தில் வேண்டுமென்றால், ஒன்றன் அமைப்பில் வேறு எண்ணைக் கொடுத்துவிடுவதே சரியான வழி.

7. பயன்பாடு இரண்டு: உள்ளிருந்து நீளும் கை

இப்பாடத்தை எழுதத் தூண்டிய செய்தி இதுதான். பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த நம் குடும்பங்களில், பிள்ளைகள் இன்னும் தொலைவுக்குப் போய்விடுகிறார்கள். பெற்றோரின் கணிப்பொறியில் ஏதாவது கோளாறு என்றால் அங்கிருந்தே சரி செய்வதற்காக, தொலைவிலிருந்து திரையை இயக்கும் மென்பொருள் ஒன்றை நிறுவிவிட்டுப் போகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் வேலை முடிந்தபின் அது அப்படியே இருந்துவிடுகிறது.

எங்கள் குடியிருப்பில் குடும்ப ஓய்வூதியத்தில் தனியே வாழும் அம்மையார் ஒருவர். ஒரு மாலையில் தொலைபேசியில் இந்தியில் ஒருவன், மின்வாரிய அதிகாரி என்று சொல்லிக்கொண்டு, இன்றிரவே மின் இணைப்பைத் துண்டிக்கப் போவதாக மிரட்டியிருக்கிறான். நாற்பது ஆண்டு இங்கு வாழ்ந்தாலும், வேகமாகவும் அதட்டியும் பேசும் இந்திக்கு முன் நம்மவர்கள் பலருக்கு வாய் அடைத்துவிடும். 'ஹாஞ்ஜி, ஹாஞ்ஜி' என்றே போய்விடுவார்கள். கணிப்பொறியில் அந்த மென்பொருளைத் திறக்கச் சொல்லி, அதில் தெரிந்த எண்ணைப் படிக்கச் சொல்லியிருக்கிறான். படித்துவிட்டார். அம்புக்குறி தானாக நகர்ந்து வங்கிப் பக்கத்தை நோக்கிப் போவதைக் கண்டதும், சமயோசிதமாக வைஃபை பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டு என்னிடம் ஓடி வந்தார்.

“அண்ணா, கதவு எல்லாம் மூடித்தானே இருக்கு? எப்படி உள்ளே வந்தான்?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கான பதிலில்தான் இப்பாடத்தின் உயிர் இருக்கிறது. அவர் கணிப்பொறியின் லிசனிங் பட்டியலில் வெளியாருக்காகத் திறந்து வைத்த போர்ட் எதுவும் இல்லை. 3389 கூட இல்லை. இத்தகைய மென்பொருள்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து வருபவருக்காகக் காத்திருப்பதில்லை. அவை உள்ளிருந்தே கிளம்பித் தம் நிறுவனத்தின் பொதுக் கணிப்பொறிக்குப் போய், அங்கே இணைப்பை வைத்துக்கொண்டு நிற்கின்றன. எதிராளியும் அங்கே வந்து சேருகிறான். இரண்டு பேரையும் அது இணைத்துவிடுகிறது. வெளியே போகும் வண்டிக்கு எந்த பயர்வாலும் பொதுவாகத் தடை போடுவதில்லை. அதனால் இது லிசனிங் வரியில் தெரியாது. எஸ்டாபிளிஷ்டு வரியில், எதிர்ப் பக்கம் 443 போன்ற எண்ணோடு, சாதாரண இணையப் பக்கம் போலவே தெரியும்.

ஆகவே பார்க்கும் முறை இதுதான். இணைய உலாவியையும், மின்னஞ்சல், வாட்ஸாப் போன்றவற்றையும் மூடுங்கள். இரண்டு நிமிடம் பொறுங்கள். பிறகு நெட்ஸ்டாட் கட்டளையைத் தந்து, எஸ்டாபிளிஷ்டு வரிகளை மட்டும் பாருங்கள். ஒவ்வொரு பி.ஐ.டி.க்கும் பெயரைக் கண்டுபிடியுங்கள். விண்டோஸ், வைரஸ் தடுப்பு, கோப்புச் சேமிப்பு போன்ற அறிந்த பெயர்கள் சில இருக்கும். நீங்கள் திறக்காத ஒரு மென்பொருள் வெளியே இணைப்பு வைத்திருந்தால், அதைத்தான் கேட்க வேண்டும்: நீ யார், யார் உன்னை வைத்தது?

அந்த அம்மையார் வீட்டில் அந்த மென்பொருள் கணிப்பொறி திறக்கும்போதெல்லாம் தானாகத் தொடங்குமாறு அமைக்கப்பட்டிருந்தது. ஆனால் அன்று நாங்கள் முதலில் செய்தது இந்தச் சோதனையை அன்று. முதலில் வங்கிக்குப் போன் செய்து கணக்கை நிறுத்தி வைத்தோம். அடுத்து 1930 என்ற தேசிய இணையக் குற்ற உதவி எண்ணில் புகார். மகனுடைய வேறொரு கணிப்பொறியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றச் சொன்னோம். இவ்வளவும் முடிந்த பிறகே, வைஃபையை அணைத்த நிலையிலேயே அந்த மென்பொருளை நீக்கி, கணிப்பொறியை வைரஸ் சோதனைக்கு உட்படுத்தினோம். பணம் போகவில்லை. பிறர் கை பட்ட கணிப்பொறியில் மீண்டும் வங்கி வேலை பார்ப்பதற்கு முன், கோப்புகளைப் படி எடுத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே பாதுகாப்பு. அப்படியே செய்தோம்.

8. திறந்திருப்பதெல்லாம் ஆபத்தா?

இல்லை. போர்ட் திறந்திருப்பது குற்றமன்று. வேலை நடக்க அது வேண்டும். மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். காத்திருப்பது யார்? எந்த முகவரியில் காத்திருக்கிறது? பயர்வால் அதை யாருக்கு அனுமதிக்கிறது? லிசனிங் என்றிருந்தாலும் பயர்வால் தடுத்தால், வெளியார் வர முடியாது. வீட்டு வைஃபை பெட்டியும் பொதுவாக ஒரு தடுப்பாக நிற்கிறது.

ஆனாலும் தேவையற்றதைத் திறந்து வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு சான்றுகள். 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற புழு, 445-ஆம் போர்ட் வழியாக 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டனில் மருத்துவமனைகளே திணறின. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதைப் போடாதவர்களே அகப்பட்டார்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்தப்பட்டன என்பதையும் இங்கே நினைவிற் கொள்க.

இரண்டாவது, 2016-இல் வந்த மிராய். இது கணிப்பொறிகளை விட்டுவிட்டு, வீட்டுக் கண்காணிப்புக் கேமராக்கள், வைஃபை பெட்டிகள் ஆகியவற்றைப் பிடித்தது. 23, 2323 ஆகிய போர்ட்களில் டெல்நெட் என்ற பழைய வசதி திறந்திருக்க, தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல் மாற்றப்படாமல் இருந்ததே காரணம். அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் பல பெரிய இணையத் தளங்கள் இதனால் முடங்கின. வாசலில் கேமரா மாட்டியிருக்கும் அன்பர்கள், இன்றே அதன் கடவுச்சொல்லை மாற்றுக. வைஃபை பெட்டியின் அமைப்பில் போர்ட் ஃபார்வர்டிங் என்ற பட்டியல் காலியாக இருக்கிறதா என்றும் பார்க்க.

நெட்ஸ்டாட்டின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். அது காட்டுவது அந்த நொடியின் நிலையை மட்டுமே. தன்னை மறைத்துக்கொள்ளத் தெரிந்த கெட்ட மென்பொருளும் உண்டு. ஆகவே பட்டியல் சுத்தமாக இருப்பதால் கணிப்பொறி சுத்தம் என்று முடிவு கட்டக்கூடாது. கைபேசிக்கும் இந்த வழி உதவாது. அங்கே, திரையைப் பிறருக்குக் காட்டும் செயலி ஏதேனும் நிறுவப்பட்டிருக்கிறதா என்று பட்டியலைப் பார்த்து நீக்குவதே செய்யத்தக்கது.

லினக்ஸ் பயன்படுத்தும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கு நெட்ஸ்டாட்டின் இடத்தை எஸ்.எஸ். என்ற இரண்டெழுத்துக் கட்டளை பிடித்துவிட்டது. சிறு கோட்டுக்குப் பின் டிரெயின் டி, யு, எல், பாட்னா பி, என் என்று தட்டினால், காத்திருப்பவை அனைத்தும் வரும். முன்னால் சூடோ சேர்த்தால்தான் எல்லா உரிமையாளர் பெயர்களும் தெரியும். அங்குத் தற்காலிக எண்கள் வழக்கமாக 32768 முதல் 60999 வரை.

9. பயிற்சி

வினா 1: 127.0.0.1:3306 லிசனிங் என்று உள்ளது. அதே வைஃபையில் உள்ள பக்கத்து அறைக் கணிப்பொறி இதை நேரடியாக அடைய முடியுமா?
விடை: முடியாது. 127.0.0.1 தன் கணிப்பொறிக்குள் மட்டுமே.

வினா 2: 0.0.0.0:3389 லிசனிங் என்று உள்ளது. நீங்கள் அந்த வசதியை வைத்ததாக நினைவில்லை. என்ன செய்வீர்கள்?
விடை: விண்டோஸ் அமைப்புகளில் ரிமோட் டெஸ்க்டாப் பகுதியைத் திறந்து அணைக்க வேண்டும். வீட்டில் வேறு யாரேனும் வைத்தார்களா என்று கேட்க வேண்டும். யாரும் வைக்கவில்லை என்றால், அக்கணிப்பொறியில் வங்கி வேலையை நிறுத்திவிட்டு, முழுமையான சோதனைக்குக் கொடுக்க வேண்டும்.

வினா 3: டைம் வெயிட் என்று முப்பது வரிகள், பி.ஐ.டி. 0 என்று உள்ளது. பழுதா?
விடை: இல்லை. முடிந்துபோன இணைப்புகள். மென்பொருள் விலகிவிட்டதால் உரிமையாளர் 0. சிறிது நேரத்தில் தாமே மறையும்.

வினா 4: லிசனிங் பட்டியலில் அறியாத பெயர் ஒன்றும் இல்லை. தொலைவிலிருந்து யாரும் இயக்க முடியாது என்று சொல்லலாமா?
விடை: சொல்லக்கூடாது. எஸ்டாபிளிஷ்டு வரிகளையும் பார்க்க வேண்டும். காரணம் ஏழாம் பகுதியில் உள்ளது.

ஒரு சிறு நோட்டுப் புத்தகம் போடுங்கள். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறன்று நெட்ஸ்டாட் காட்டும் லிசனிங் வரிகளில் போர்ட் எண்ணையும் மென்பொருளின் பெயரையும் எழுதுங்கள். முதல் மாதம் அரை மணி நேரம் ஆகும். இரண்டாம் மாதம் முதல், புதிதாகச் சேர்ந்தது எது என்று பார்ப்பது மட்டுமே வேலை. ஐந்து நிமிடம் போதும். வீட்டில் பெரியவர்கள் தனியாக இருந்தால், பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது இந்த நோட்டை அவர்களோடு உட்கார்ந்து எழுதிக் கொடுங்கள். தொலைவிலிருந்து உதவுவதற்கு வைத்த மென்பொருளை ஊருக்குக் கிளம்பும் முன் நீக்கிவிடுங்கள். அல்லது தேவைப்படும்போது மட்டும் திறக்குமாறு அமைத்துவிட்டு, “நான் சொல்லாமல் அந்த எண்ணை யாருக்கும் படிக்காதீர்கள், அம்மா” என்று சொல்லிவிட்டுப் போங்கள்.